கணக்குப்பிள்ளை லாரியேறிய கதை

அமெரிக்க லாரி டிரைவர் எவ்வளவு நேரம் தூங்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் முதன்முதலில் தீர்மானித்தது, ரயிலுக்காகத் திறந்த ஓர் ஆபீஸ். மாநிலங்களிடை வணிக ஆணையம் என்று பெயர். 1887இல், ரயில் கம்பெனிகளின் கொட்டத்தை அடக்குவதற்கென்றே தொடங்கினார்கள். அரை நூற்றாண்டு எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசியதில் கொட்டம் அடங்கியதோ இல்லையோ, இரண்டு தரப்புக்கும் நல்ல பழக்கமாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து லாரி என்று ஒன்று வந்து, ரயிலில் போக வேண்டிய சரக்கைக் கடை வாசல்வரை கொண்டுபோய் இறக்க ஆரம்பித்தது. ரயில்காரர்களுக்குத் திடீரென்று பொது ஒழுங்கில் அக்கறை பிறந்தது. எங்களுக்கு மட்டும் கடிவாளம், அவனுக்கு இல்லையா என்று கேட்டார்கள். 1935இல் மோட்டார் கேரியர் சட்டம் வந்தது. டிரைவரின் தூக்கம் ஆணையத்தின் ஃபைலுக்குள் போனது.

ஆணையம் யோசித்தது. 1937 டிசம்பரில், நாளைக்கு 12 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்று அருளியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்து, ஊரெல்லாம் 8 மணி நேரம் கேட்கிற காலத்தில் 12ஆ என்றன. ஆணையம் மறுபடி யோசித்தது. 12க்கும் 8க்கும் நடுவில் என்ன இருக்கிறது? 1938இல் பேரம் 10க்குப் படிந்தது. 24 மணி நேரத்தில் 10 மணி நேரம் ஓட்டலாம், 8 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும்.

அதே 1938இல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு நியாய உழைப்புத் தரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி கொடு என்று முதலாளிகளுக்குச் சொன்ன சட்டம். அதன் 13ஆம் பிரிவில் ஒரு சின்ன விலக்கு. எந்தத் தொழிலாளியின் வேலை நேரத்துக்கு உச்சவரம்பு போட அந்த ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறதோ, அவருக்கு ஓவர்டைம் கிடையாது. அதாவது லாரி டிரைவருக்குக் கிடையாது. ‘உன் நேரத்தைத்தான் ஏற்கனவே ஒருத்தர் எண்ணிக்கொண்டிருக்கிறாரே, அப்புறம் எதற்குக் காசு?’ என்பது வாதம்.

ஒரு சட்டம் டிரைவரின் நேரத்தை எண்ணச் சொன்னது. இன்னொரு சட்டம், எண்ணியதற்குக் கூலி வேண்டாம் என்றது. இனி இந்தக் கதையில் நடப்பதெல்லாம் இந்த இரண்டு வரிக்கு எழுதப்பட்ட உரை.

எண்ணுவதற்கு ஆள்? அமெரிக்க லாரியில் கிளீனர்கூடக் கிடையாது. ஆகவே எண்ணும் வேலையையும் டிரைவர் தலையிலேயே கட்டினார்கள். லாக் புக் என்று ஒரு நோட்டு. பக்கத்துக்கு ஒரு நாள், நாளுக்கு 24 கட்டம், குறுக்கே நான்கு வரி: பணியில் இல்லை, கேபின் படுக்கையில் இருக்கிறேன், ஓட்டுகிறேன், வேலையில் இருக்கிறேன் ஆனால் ஓட்டவில்லை. எந்த நேரத்தில் எந்த வரியோ அதில் கோடு இழுக்க வேண்டும். திருடனிடமே சாவியைக் கொடுத்து, இரவு எத்தனை மணிக்குத் திருடினாய் என்று குறித்து வை என்று சொன்ன ஏற்பாடு.

டிரைவருக்குக் கூலி மைல் கணக்கில். நான்கு வரியில் மூன்றாவது வரிக்குத்தான் காசு. அந்த மைலையும் வண்டியின் மீட்டரைப் பார்த்துக் கொடுப்பதில்லை; பல கம்பெனிகளில் அதற்கென ஒரு தூர அட்டவணை உண்டு, அது ஓடிய தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே சொல்லும். கிடங்கு வாசலில் நான்கு மணி நேரம் காத்துக் கிடந்தால் அது நாலாவது வரி. உண்மையை எழுதினால் காசும் வராது, வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்த 60 மணி நேரத்தில் நான்கும் கரைந்துபோகும். பொய் எழுதினால் காசு வராது, நேரமாவது மிஞ்சும். இதை விளக்க எந்தப் பொருளாதாரப் பேராசிரியரும் தேவைப்படவில்லை. டிரைவர்கள் ‘படுக்கையில்’ என்று கோடு இழுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டு லாக் புக்குகளை மட்டும் வைத்துச் சரித்திரம் எழுதினால், உலகத்திலேயே அதிகம் தூங்கிய உழைக்கும் வர்க்கம் அமெரிக்க லாரி டிரைவர்கள்தான்.

டிரைவர்கள் தங்களுக்குள் அந்த நோட்டைக் காமிக்ஸ் புத்தகம் என்று அழைத்தார்கள். அதை எழுதுவது லேசான கலை அல்ல. டீசல் ரசீதிலும் சுங்கச்சாவடிச் சீட்டிலும் அச்சாகியிருக்கும் நேரத்தோடு கதை ஒத்துப்போக வேண்டும். ஓஹாயோவில் தூங்கிக்கொண்டிருப்பவர் அதே நேரத்தில் இண்டியானாவில் டீசல் போடக் கூடாது. திறமைசாலிகள் இரண்டு நோட்டு வைத்திருந்தார்கள். எடை நிலையத்து அதிகாரி கேட்கும்போது எதை நீட்டுவது என்பதில் மட்டும் நினைவு தப்பக் கூடாது. தூக்கம் வந்தால் மாத்திரை இருந்தது. 1963இல் டேவ் டட்லி பாடி நாடெங்கும் ஒலித்த லாரிப் பாட்டில் எடை நிலையம், லாக் புக், மாத்திரை மூன்றும் வரும். சட்டத்தை மீறுவதை இவ்வளவு விவரமாக விவரித்தும் பாடகர் மேல் யாரும் வழக்குப் போடவில்லை, பாட்டு ஹிட்டானது.

ஆணையமும் கற்பனையில் சளைத்ததல்ல. 1962இல், 24 மணி நேரத்தில் 10 என்ற விதியிலிருந்து அந்த 24ஐ எடுத்துவிட்டது. 10 மணி நேரம் ஓட்டு, 8 மணி நேரம் படு, எழுந்து மறுபடி 10 ஓட்டு. டிரைவருக்கு ஒரு நாள் என்பது 18 மணி நேரம் ஆனது. பூமி தன்னைத்தானே சுற்ற 24 மணி நேரம் எடுத்துக்கொள்கிறதே என்றால், அது ஆணையத்தின் அதிகார வரம்புக்கு உட்பட்ட வாகனம் அல்ல.

1980இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒரு கையெழுத்தில் லாரித் தொழிலைக் கட்டவிழ்த்துவிட்டார். யார் வேண்டுமானாலும் வரலாம், எந்த வாடகைக்கு வேண்டுமானாலும் ஓட்டலாம். வந்தார்கள். வாடகை இறங்கியது, சரக்கு அனுப்புகிறவர்கள் மகிழ்ந்தார்கள், சங்கங்கள் மெலிந்தன, கூலியும் கூடவே மெலிந்தது. பழைய வருமானத்தை எட்ட வேண்டுமானால் கூடுதல் மைல் ஓட வேண்டும். கூடுதல் மைல் ஓட வேண்டுமானால் கூடுதல் கற்பனை வேண்டும். லாரி ஓட்டிவிட்டுப் பிறகு பொருளாதாரப் பேராசிரியரான மைக்கேல் பெல்சர், 2000இல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி ‘ஸ்வெட்ஷாப்ஸ் ஆன் வீல்ஸ்’ என்று பெயர் வைத்தார். தலைப்பைப் பார்த்ததுமே யாருக்கும் உள்ளே என்ன இருக்கும் என்று புரிந்துவிட்டது.

இதற்கிடையில் 1988இல் குவால்காம் கம்பெனி லாரியின் தலையில் ஒரு டப்பாவை வைத்துச் செயற்கைக்கோளோடு இணைத்தது. ஷ்னைடர் என்ற பெரிய லாரி கம்பெனி வாங்கி மாட்டியது. அதுவரை டிரைவர் சாலையோர டெலிஃபோனில் காசு போட்டு, ‘இப்போ எங்கே இருக்கேன்னா...’ என்று சொன்ன இடம்தான் அவர் இருந்த இடம். இனி கம்பெனியில் உட்கார்ந்து வண்டிகளை ஏவும் டிஸ்பாட்சருக்கே தெரியும். அதே வருடம், லாக் புக்குக்குப் பதிலாகத் தானியங்கிக் கருவி வைத்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை என்று அரசாங்கமும் அனுமதித்தது. கட்டாயமில்லாததால் சின்ன முதலாளிகள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ரயில் ஆபீஸ் 1995 கடைசியில் மூடப்பட்டது. 2000இல் மோட்டார் கேரியர் பாதுகாப்பு நிர்வாகம் என்று லாரிக்கே தனி ஆபீஸ் வந்தது. புது ஆபீஸ் 2004இல் புது விதி கொண்டுவந்தது: 11 மணி நேரம் ஓட்டலாம், 10 மணி நேரம் ஓய்வு. நாளும் 21 மணி நேரமாக வளர்ந்து, பூமியை ஏறக்குறைய எட்டிப் பிடித்தது. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை. வேலையைத் தொடங்கிய நிமிடத்திலிருந்து 14 மணி நேரத்துக்குள் ஓட்டுவதை முடித்துவிட வேண்டும்; பொதுவாக இடையில் எது நடந்தாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. முன்பெல்லாம் மதியம் கண் சொக்கினால் ஓரங்கட்டி இரண்டு மணி நேரம் தூங்கலாம், கணக்கு நிற்கும். புது விதியில் தூங்கினாலும் பெரும்பாலும் கடிகாரம் ஓடும். டிரைவர் களைப்பில் ஓட்டக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி, களைப்பு தீரத் தூங்கினால் நேரத்தைப் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு வாஷிங்டன் நீதிமன்றம் இந்த விதியை ரத்து செய்தது. டிரைவரின் உடல்நலத்தையும் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்லியிருக்க, நிர்வாகம் அதை மட்டும் பார்க்க மறந்துவிட்டதாம். சட்டத்தில் டிரைவர் என்று ஒருவர் இருப்பதை நீதிபதிகள் ஞாபகப்படுத்திய பிறகும், 11ம் 14ம் கொஞ்சம் பூச்சு வேலையோடு திரும்பி வந்துவிட்டன.

இந்த இடத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டி ஒரு நடை. ஐரோப்பாவில் லாரிக்குள் டாக்கோகிராஃப் என்ற கருவி எப்போதோ வந்துவிட்டது. வட்டமான காகிதத்தில் முள் கீறிக்கொண்டே போகும். வேகம், ஓட்டம், நிறுத்தம் எல்லாம் அதில் பதியும். பிரிட்டிஷ் டிரைவர்கள் அதைக் கேபினுக்குள் உட்கார்ந்த ஒற்றன் என்று திட்டினார்கள். சங்கத்துக்குப் பயந்து பிரிட்டன் இழுத்தடிக்க, 1979இல் ஐரோப்பிய நீதிமன்றம் காதைத் திருகி மாட்டச் சொன்னது. பிற்பாடு டிரைவர்கள் கியர்பாக்ஸ் சென்சாரில் காந்தத்தை ஒட்டி, ஓடுகிற லாரியை நிற்கிற லாரியாகக் காட்டும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள் என்பது தனிப் புராணம். முக்கியம் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதியில் 10ஆம் பிரிவு ஒன்று சொல்கிறது: சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் விதத்தில், ஓடிய தூரத்தைப் பார்த்தோ ஏற்றிய சரக்கைப் பார்த்தோ டிரைவருக்குக் காசு கொடுக்கக் கூடாது. ஒற்றனை உள்ளே உட்கார வைத்தவர்கள், பொய்க்குக் காரணம் சம்பள முறை என்பதையாவது காகிதத்தில் ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்கா டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த வரியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது.

2010இல் நிர்வாகம் முதல் முயற்சியாக, விதி மீறுகிற கம்பெனிகளுக்குக் கருவி கட்டாயம் என்றது. சொந்த வண்டி வைத்து ஓட்டுகிறவர்களின் சங்கம் நீதிமன்றம் போனது. இந்தக் கருவியை வைத்துக் கம்பெனிகள் டிரைவரைத் தொல்லை செய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறதே, அதற்கு என்ன வழி செய்தீர்கள் என்று 2011இல் நீதிமன்றம் கேட்டது. நிர்வாகம் விழித்தது. விதி மறுபடி ரத்து. 2012இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே தலையிட்டு, எல்லாருக்கும் கட்டாயமாக்கு என்று சட்டம் போட்டது. ஏற்கனவே டப்பா மாட்டிவிட்ட பெரிய கம்பெனிகளுக்கு ஏக ஆனந்தம். ஒழுக்கம் என்பது நாம் ஏற்கனவே காசு கொடுத்து வாங்கிவிட்ட பொருளாக இருந்தால், அதை ஊருக்கே கட்டாயமாக்குவதில் தனி இன்பம் உண்டு.

2015 டிசம்பரில் இறுதி விதி வந்தது. வருடத்துக்கு 26 உயிர் தப்பும், 1,844 விபத்து குறையும் என்று கணித்தார்கள். நூறு கோடி டாலருக்கு மேல் நிகர லாபம் என்றும் சொன்னார்கள். அதில் பெரும்பகுதி காகித வேலை குறைவதால் வருவது. தொல்லைக்கும் மருந்து வைத்தார்கள்: டிரைவர் படுக்கையில் இருக்கும்போது கருவி சத்தம் போடக் கூடாது. எண்பது ஆண்டு வரலாற்றில் டிரைவரின் தூக்கத்துக்காக அரசாங்கம் செய்த மிக உருப்படியான காரியம் இந்த வால்யூம் பட்டன்தான்.

ஈ.எல்.டி. என்று மூன்றெழுத்தில் அறியப்படும் இந்தக் கணக்குப்பிள்ளையின் குணத்தைப் பார்க்க வேண்டும். இன்ஜினோடு இணைந்திருப்பார். வண்டி மணிக்கு 5 மைல் வேகத்தைத் தொட்டால் ‘ஓட்டுகிறார்’ என்று தானே எழுதிக்கொள்வார். அதை அப்புறம் யாரும் குறைக்க முடியாது. 5 நிமிடம் நின்றால், இன்னும் ஓட்டுகிறாயா என்று கேட்பார். 1 நிமிடத்துக்குள் பதில் இல்லை என்றால் வேலையில் இருக்கிறார், ஓட்டவில்லை என்று மாற்றுவார். மற்றபடி நின்ற நேரத்தில் டிரைவர் தூங்கினாரா, சரக்கை இறக்கினாரா, கிடங்குக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாரா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது, டிரைவர் சொல்வதுதான். ஆக, சக்கரம் சுற்றும் நேரத்தில் இனி பொய் சொல்ல முடியாது. காசு வராத நேரத்தில் பழைய காமிக்ஸ் அப்படியே தொடரலாம். எந்தப் பொய்யால் டிரைவருக்கு வருமானம் வந்ததோ அது ஒழிந்தது. எந்தப் பொய்யால் கிடங்குக்காரருக்கு லாபமோ அதன் மேல் கைவைக்கவே இல்லை.

விலக்குகளும் உண்டு. 2000க்கு முந்தைய இன்ஜின் உள்ள லாரிக்கு டப்பா வேண்டாம் என்றதும், புகை கக்கும் கிழட்டு வண்டிகளுக்குத் திடீர் மவுசு வந்தது. கால்நடை ஏற்றும் லாரிகளுக்குக் காங்கிரஸ் தொடர்ந்து விலக்கு கொடுத்துவந்தது: வழியில் நேரம் முடிந்து நின்றுவிட்டால் மாடுகள் வெயிலில் வாடுமே. நியாயம்தான். மாடு நன்றாகத்தான் வாதாடியிருக்கிறது.

2017 டிசம்பர் 18 முதல் கட்டாயம். வாஷிங்டனில் லாரிகள் ஹாரன் அடித்தன, ஊர்வலம் போயின. கருவி இல்லாத வண்டியை ஓடவிடாமல் நிறுத்திவைக்கும் நடவடிக்கை மட்டும் 2018 ஏப்ரல் 1 முதல். தேதியைத் தேர்ந்தெடுத்தவர் நகைச்சுவை உணர்வு உள்ளவரா இல்லாதவரா என்று அரசிதழில் குறிப்பு இல்லை.

அதற்கப்புறம் அன்றாடக் காட்சி இப்படி. டிரைவர் காலை 6 மணிக்கு வேலையைத் தொடங்கி, 8 மணிக்குக் கிடங்கு வாசலில் நிற்கிறார். முதல் 2 மணி நேரம் காத்திருப்பு இலவசம் என்பது தொழிலின் வழக்கம். மதியம் 2 மணிக்கு டிஸ்பாட்சர் ஃபோன்.

‘லோடு ஏறிடுச்சா?’

‘இன்னும் என் நம்பரே கூப்பிடலை.’

‘ராத்திரிக்குள்ள 500 மைல் போகணுமே.’

‘போகலாம். 8 மணிக்கு என் 14 மணி நேரம் முடியுது. அதுக்குள்ள ஏத்தி, 6 மணி நேரத்துல 500 மைல் பறக்கிற லாரி ஏதாவது கம்பெனியில இருந்தா அனுப்பி வையுங்க.’

‘சரி, சீக்கிரம் பாருங்க.’

இதில் ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய நாளில் இதே டிஸ்பாட்சர், நோட்டுல பார்த்துப் போட்டுக்கோயேன் என்று சொல்லியிருப்பார், டிரைவர் விடிய விடிய ஓட்டியிருப்பார். இப்போது டப்பா விடாது என்று ஒரே வார்த்தையில் மறுக்கலாம். அதற்காகவே கருவியை வாழ்த்தும் டிரைவர்கள் உண்டு. ஆனால் மறுத்த அந்த மணி நேரத்துக்கும் கூலி இல்லை. அப்படி மறுக்க முடியாத சின்ன கம்பெனி டிரைவர்கள், போன நேரத்தை வேறு இடத்தில் தேடினார்கள்: ஆக்ஸிலேட்டரில். அலெக்ஸ் ஸ்காட், ஆண்ட்ரூ பால்த்ராப், ஜேசன் மில்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். நேர விதி மீறல் நன்றாகக் குறைந்திருந்தது. விபத்து குறையவில்லை. சின்ன கம்பெனிகளில் அதிவேகம் போன்ற ஆபத்தான ஓட்டம் கூடியிருந்தது. கடிகாரத்தைத் துரத்தச் சொல்லிவிட்டு, ஏன் ஓடுகிறாய் என்று கேட்பானேன்.

2018 ஜனவரியிலேயே அரசாங்கத்தின் போக்குவரத்துத் துறைத் தணிக்கை அதிகாரி, யாரும் பார்க்காத பக்கத்தைப் பார்த்தார். கிடங்கில் காக்க வைப்பதால் லாரி டிரைவர்களுக்கு வருடத்துக்கு 110 முதல் 130 கோடி டாலர்வரை வருமான இழப்பு. ஆளுக்கு 1,281 முதல் 1,534 டாலர். சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதவீதம் ஏறும் என்றும் மதிப்பிட்டார். ஆபத்து கேபினுக்குள் மட்டும் இல்லை, கிடங்கின் கேட்டிலும் இருக்கிறது என்று அரசாங்கத்தின் சொந்த ஆளே சொல்லிவிட்டார். அதைப் படித்த பிறகும் கேட்டில் யாரும் ஒரு கடிகாரத்தை மாட்டவில்லை.

பதிலாக, ஒட்டுப் போட்டார்கள். 2018 மத்தியில், நேரம் முடிந்த டிரைவரைக் கிடங்குக்காரர் வெளியே துரத்தினால், அருகிலுள்ள பத்திரமான இடம்வரை சொந்த உபயோகம் என்று பதிவு செய்து ஓட்டிப் போகலாம் என்றார்கள். சரக்கு லாரியில் உல்லாசப் பயணம். பத்திரமான இடம் எங்கே என்பதுதான் கேள்வி. லாரி நிறுத்த இடமில்லாமல் நெடுஞ்சாலை இறங்குபாதைகளில் டிரைவர்கள் தூங்குவது ஊரறிந்த பஞ்சம். 2020 செப்டம்பரில், ஓய்வை 7 மணி நேரமும் 3 மணி நேரமுமாகப் பிரித்து எடுத்தால் 14 மணி நேரக் கடிகாரம் அந்த இடைவெளிகளில் நிற்கும் என்றார்கள். பதினாறு ஆண்டு கழித்து, பகல் தூக்கத்துக்கு ஒரு பகுதி மன்னிப்பு.

1938இன் விலக்கு? அது பத்திரமாக இருக்கிறது. அதை எழுதக் காரணமாக இருந்த ஆணையம் செத்துப்போய் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. விலக்கு மட்டும் சாகவில்லை. டிரைவர்களுக்கும் ஓவர்டைம் கொடுக்க வேண்டும் என்று 2022இல் ஒரு மசோதா வந்தது, 2023இல் மறுபடி வந்தது. முன்பு சொல்ல ஒரு சாக்கு இருந்தது: ஊர் ஊராகத் திரிகிறவன் எத்தனை மணி நேரம் வேலை செய்தான் என்று யாருக்குத் தெரியும்? இப்போது நொடிக் கணக்கில் தெரிந்துகொள்ள ஒவ்வொரு கேபினிலும் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தண்டனைக் கணக்கு மட்டும்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், சம்பளக் கணக்கு கற்றுக்கொடுக்க ஒரு வரி சட்டம் போதும். அந்த மசோதாவைக் காங்கிரஸ் மணிக்கு 5 மைல் வேகத்தில்கூட நகர்த்தவில்லை. ஆகவே, விதிப்படி, அது இன்னும் ஓட ஆரம்பித்ததாகவே பதிவாகவில்லை.